யாரைக் கேட்டு வந்தது புரோட்டான்?

நம் நாட்டில் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று அறிய அதைத் தொட்டுப் பார்த்தால் போதாது. அதைத் திறந்து வைத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். திறந்து வைக்காத பாலத்தின்மேல் லாரி ஓடினாலும் அது பாலம் இல்லை. திறந்து வைக்காத கழிப்பறைக்குள் ஆள் இருந்தாலும் அவர் உள்ளே இல்லை. இந்தச் சின்ன உண்மை தெரியாமல்தான் பெர்மாஸ் ஜெயாவில் குடியிருக்கும் ஹேமநாதன் வம்பில் மாட்டிக்கொண்டான்.

ஹேமநாதன் குளிர்சாதன வேலைக்காரன். பல வருஷம் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியின் சில்லர் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டி, குடிநுழைவு வரிசையில் நின்று, இருட்டியபின் திரும்பி வருகிற பிழைப்பு. "ஒங்கள கண்ணு தொறந்த நெலமையில பாத்து ரொம்ப நாளாச்சு" என்பாள் மனைவி ஷர்மினி. அதில் கேலி பாதி, வருத்தம் பாதி.

அப்படியிருக்கையில்தான் பொந்தியான் பக்கம், அன்னாசி விளைந்த நிலத்தில், தெற்கு வட்டார புரோட்டான் முடுக்கி மையம் என்று ஒன்று எழும்பியது. தண்ணீர்க் குழாயும் பம்பும் பார்க்க ஆள் வேண்டுமென்று விளம்பரம் வந்தது. சம்பளம் குறைவு என்று தெரிந்தும் ஹேமநாதன் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான். ஒப்பந்த வேலைதான். ஒழுங்காக இருந்தால் வருஷக் கடைசியில் நிரந்தரம் என்றார்கள். இப்போதெல்லாம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்கிறான். ஷர்மினியோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டுவிட்டு, நாடகம் பார்க்கிறேன் என்று சோபாவில் குறட்டை விடுகிறான். அந்தக் குறட்டைக்காக அவன் எதையும் பொறுத்துக்கொள்வான்.

இயந்திரம் என்னவென்று அவனுக்கு விளக்கிச் சொன்னவள் டாக்டர் லோஷினி. குளுவாங்கில் பிறந்து ஜப்பானில் படித்துவிட்டு வந்த இயற்பியல்காரி. ஹைட்ரஜன் வாயுவிலிருந்து புரோட்டானைப் பிரித்தெடுத்து, நீளமான குழாய்க்குள் மின்சாரத்தால் விரட்டி வேகமேற்றி, ஒரு பொருளின்மேல் மோதவிட வேண்டும். அப்படி மோதவிட்டால் அந்தப் பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். தொழிற்சாலையில் செய்யும் கணினிச் சில்லுகளைச் சோதிக்கலாம், மருத்துவமனைக்கு வேண்டிய மருந்துப் பொருளும் செய்யலாம்.

"அண்ணே, குழாயச் சுத்தி பூரா காந்தம். காந்தம் சூடாச்சுன்னா எல்லாம் நின்னுடும். ஒங்க தண்ணி ஓடலன்னா என் புரோட்டான் ஓடாது," என்றாள்.

"அப்ப நான்தான் பாஸ்னு சொல்லுங்க டாக்டர்."

"புரோட்டானுக்கு நீங்க பாஸ். நமக்கெல்லாம் டாக்டர் தம்பிராஜா."

டாக்டர் தம்பிராஜா மையத்தின் இயக்குநர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்க்கிற குடும்பம். தாத்தா ரயில்வேயில், அப்பா தபாலில், இவர் அணுவில். இளமையில் இயற்பியல் படித்தவர்தான். பதவி உயர உயர இயற்பியல் குறைந்து விழாக்கள் கூடிவிட்டன. மையத்தில் விஞ்ஞானிகளைவிட, விழா ஏற்பாடு பார்க்கிற நெறிமுறைப் பிரிவில் ஆட்கள் அதிகம். அதன் தலைவன் யுகேந்திரன், சிவப்புக் கம்பளத்தை யாரோ களவாட வருகிறார்கள் என்ற கவலையோடு கையில் வாக்கிடாக்கியைப் பிடித்துக்கொண்டு எந்நேரமும் அலைவான்.

நிலத்தை வெட்டியதற்கு ஒரு விழா நடந்தது. தூண் நட்டதற்கு ஒன்று, கூரை போட்டதற்கு ஒன்று. கட்டடத்தின் சாவி கைமாறிய விழாவில் ஆளுயர அட்டைச் சாவியைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். நிஜச் சாவி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாமல், பூட்டை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். ஹேமநாதனின் பம்ப் லாரியிலிருந்து இறங்கியபோதுகூட கொம்பாங் மேளம் அடித்துப் பன்னீர் தெளித்தார்கள். பம்புக்குள் பன்னீர் போய்விட்டது. அதைக் கழற்றித் துடைக்க ஹேமநாதனுக்கு ஒரு வாரம் பிடித்தது.

இதெல்லாம் முன்னோட்டம்தான். பெரிய திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரப் போகிறார். ரிப்பன் வெட்டுவதெல்லாம் பழைய காலம். இப்போது எதற்கும் ஒரு 'கிமிக்' வேண்டும். தண்ணீர்த் திட்டம் என்றால் பிரமுகர் குடுவையில் நீலத் தண்ணீர் ஊற்றுவார். மரம் நடும் திட்டம் என்றால் பிளாஸ்டிக் மரத்தில் சுவிட்சைத் தட்டிப் பூப்பூக்க வைப்பார். புரோட்டானுக்காக யுகேந்திரன் செய்யச் சொன்னது ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. அமைச்சர் அதில் உள்ளங்கையை வைத்ததும் புகை கிளம்பும், நீலமும் சிவப்புமாக வெளிச்சம் ஓடும், சுவரளவு திரையில் புரோட்டான் காட்சி தரும். 'வரலாற்றில் முதன்முறையாக, அமைச்சரின் பொற்கரத்தால்' என்று விழா மலரே அச்சாகிவிட்டது. இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவில், இயந்திரம் அதற்கு முன்பே ஓடித் தொலைத்துவிடும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓடித் தொலைத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின். பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பார்த்து உரிமம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாதக்கணக்காகக் கசிந்துகொண்டிருந்த ஒரு குழாய் இணைப்பை அன்று காலையில்தான் ஹேமநாதன் ஒருவழியாகச் சரிக்கட்டினான். வழக்கமான சோதனை என்று லோஷினி இயந்திரத்தைப் போட்டாள். வழக்கம்போல் ஒன்றும் நடக்காது என்று ஹேமநாதன் கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். கணினித் திரையில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. பட்டாணி அளவு. கொஞ்சம் நடுங்கிவிட்டு நிலையாக நின்றது.

"என்னா டாக்டர் இது?"

லோஷினி திரைக்கு அருகே குனிந்தாள். கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், மறுபடி கண்ணைத் துடைத்தாள். "அதான் அண்ணே. வந்திருச்சு," என்றாள். ஐந்து வருஷமாக அவள் சாப்பாடு தூக்கம் கெட்டு உழைத்தது இந்தப் பட்டாணிக்காகத்தான். என்ன சொல்லி வாழ்த்துவது என்று ஹேமநாதனுக்குத் தெரியவில்லை. மீதிக் கறிபாப்பை அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அந்தப் புள்ளியை வீடியோ எடுத்தாள். தன் தண்ணீர் ஓடியதால் வந்த புள்ளி என்று அவனுக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிருந்தது.

இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக இயக்குநர் அறைக்குப் போனார்கள். அங்கே தம்பிராஜாவும் யுகேந்திரனும் நாற்காலி உறைகளின் நிறத்தைப் பற்றித் தீவிர ஆலோசனையில் இருந்தார்கள்.

"சார், புரோட்டான் வந்திருச்சு," என்றாள் லோஷினி.

தம்பிராஜா கண்ணாடியைக் கழற்றினார். "வந்திட்டுதோ? ஆரைக் கேட்டு வந்தது?"

"கேட்டுக்கிட்டு வராது சார். வேகம் சரியா இருந்துச்சு, காந்தம் சரியா இருந்துச்சு, வந்திருச்சு."

"ஐசே, அது அமைச்சர் திறந்து வைக்க வேண்டிய புரோட்டான். மலரெல்லாம் அடிச்சு முடிஞ்சுது. இனி அமைச்சரைக் கூப்பிட்டு இரண்டாவது புரோட்டானை நீட்டச் சொல்லுறீரோ? தாலி கட்டுறதுக்கு முன்னம் பிள்ளை பிறந்த கதையெல்லோ இது."

யுகேந்திரன் நடைமுறை தெரிந்தவன். "டாக்டர், அதத் திருப்பி அனுப்ப முடியுமா?" என்று கேட்டான்.

"எத?"

"வந்த புரோட்டானத்தான்."

"அது தடுப்புக் கட்டியில மோதி நின்னுடுச்சு. அவ்ளோதான்."

"அங்கேருந்து எடுத்து டப்பாவுல போட்டு வச்சிட்டா, விழா அன்னிக்கு மறுபடியும் விடலாம்ல?"

லோஷினி வீடியோவைக் காட்ட எடுத்த கைப்பேசியைத் திரும்பப் பைக்குள் போட்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியே கூசிப்போய் நின்றது.

அன்று மாலையே கட்டுப்பாட்டு அறைக்குச் சீல் வைக்கப்பட்டது. திறப்பு விழா முடியும்வரை இயந்திரம் ஓடக் கூடாது, ஓடியதாக யாரும் பேசக் கூடாது, வாழ்த்துகள் விழாவுக்குப் பின் உரிய முறையில் விநியோகிக்கப்படும் என்று சுற்றறிக்கை வந்தது. செய்தி கேட்டு லோஷினிக்குச் சும்மா தேத்தண்ணி கொடுத்த கேன்டீன் அம்மாவைக் கூப்பிட்டு, அந்தத் தேத்தண்ணி வாழ்த்தாகக் கருதப்படுமா என்று விசாரித்தார்கள். சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன் என்று அந்த அம்மா தப்பித்துக்கொண்டார்.

நடந்த தவறுக்கு ஒருவர் பொறுப்பாக வேண்டுமே. லோஷினி நிரந்தர ஊழியர். அவளை விசாரிக்கத் தலைநகரம்வரை போய் அனுமதி வாங்க வேண்டும். ஒப்பந்த ஊழியனுக்கு ஒரு தாள் போதும். ஹேமநாதனுக்குக் காரணம் கேட்கும் கடிதம் வந்தது. 'அதிகாரபூர்வத் திறப்புக்கு முன்னரே குளிர்ந்த நீரை வழங்கி, இயந்திரம் இயங்குவதற்கு உடந்தையாக இருந்தது' அவன்மேல் குற்றம். நிரூபணமானால் வேலை நீக்கம்.

ஷர்மினி கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"ஏங்க, ஓட வச்சதுக்கா திட்றாங்க?"

"ஆமா."

"ஓடாம இருந்திருந்தா?"

"ஒரு பிரச்சினையும் இல்ல. இத்தன மாசமா ஓடலல்ல, யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?"

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். பிறகு, "அந்தச் சிங்கப்பூர் மழைக்கோட்ட எடுத்துக் காய வைக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள். குடிநுழைவு வரிசையும் மழையும் புகையும் அவன் கண் முன்னால் வந்துபோயின. அன்றைக்குச் சோபாவில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் யுகேந்திரன் அவனைத் தேடிக்கொண்டு பம்ப் அறைக்கு வந்தான். அவனைச் சுற்றி வந்து பார்த்தான். தோளை அளந்தான், தொப்பையையும் அளந்தான்.

"அண்ணே, நீங்க அச்சு அசல் அமைச்சர் சைஸ். விழா ஒத்திகைக்கு அமைச்சரா நிக்க ஆள் வேணும், வாங்க."

"எம்மேல விசாரண நடக்குதே தம்பி."

"அது ஹேமநாதன் மேல. நீங்க மத்தியானம் ரெண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் மாண்புமிகு."

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ஹேமநாதன் அமைச்சரானான். கார் கதவைத் திறந்துவிட்டார்கள். மேலே மஞ்சள் குடை பிடித்தார்கள். சிவப்புக் கம்பளத்தில் எந்தக் காலை முதலில் வைப்பது, எந்தப் பக்கம் திரும்பிக் கையசைப்பது, கண்ணாடிப் பெட்டியில் எவ்வளவு நேரம் உள்ளங்கையை வைத்திருப்பது என்றெல்லாம் யுகேந்திரன் பாடம் எடுத்தான். கையைச் சீக்கிரம் எடுத்தால் புகை வராது, தாமதமாக எடுத்தால் புகை நிற்காது. ஹேமநாதன் பம்ப் வால்வைத் திருகிப் பழகியவன், கைப்பக்குவம் சீக்கிரம் வந்துவிட்டது.

இயக்குநர் ஒத்திகையிலும் குறை வைக்கவில்லை. இடுப்பு ஒடிய வளைந்து, "மாண்புமிகு அமைச்சர் அவர்களே, தங்கள் பாதம் பட்டதால் இந்த அன்னாசி மண் விஞ்ஞான மண்ணாகியது," என்றார். நிமிர்ந்ததும் அதே மாண்புமிகுவிடம், "உம்மட விசாரணை வியாழக்கிழமை. நேரத்துக்கு வாரும்," என்றார்.

ஹேமநாதனுக்கு ஒரு யோசனை தோன்றியது. "தம்பி, நான் அமைச்சரா இருக்கறப்பவே அந்த விசாரணய நிறுத்தச் சொல்லி ஒரு உத்தரவு போடலாமா?" என்று யுகேந்திரனின் காதில் கேட்டான்.

யுகேந்திரன் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தான். "அந்த ஐட்டம் இதுல இல்லண்ணே."

வியாழக்கிழமை விசாரணையே ஒரு விழாவாகத்தான் தொடங்கியது. தலைமையகத்திலிருந்து வந்திருந்த குழுத் தலைவர் ராஜசேகரன் கோங் மணியை அடித்து விசாரணையைத் திறந்து வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவரை நடுவில் நிறுத்திக் குழுப்படம் எடுத்தார்கள். அவனுக்கும் மையத்தின் பெயர் போட்ட குடை ஒன்று அன்பளிப்பாகக் கிடைத்தது.

"தண்ணி குடுத்தா மெஷின் ஓடும்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார் ராஜசேகரன்.

"தெரியாதுங்க சார். நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து தெனமும் தண்ணி குடுக்கிறேன். ஒரு நாளும் ஓடினதில்ல."

"அப்போ அன்னிக்கும் ஓடாதுன்னு நம்பித்தான் குடுத்தீங்க?"

"முழுசா நம்பினேன் சார்."

குழு உறுப்பினர்கள் திருப்தியாகத் தலையசைத்தார்கள். நிறுவனத்தின்மேல் ஊழியனுக்கு இருக்க வேண்டிய நம்பிக்கை அவனிடம் இருந்தது. அடுத்த கேள்வியில்தான் சிக்கல்.

"சரி, புரோட்டான ஒங்க கண்ணால பாத்தீங்களா? பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இத்தோட முடிச்சிடலாம்."

ஹேமநாதன் லோஷினியைப் பார்த்தான். அவள் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் அவனுக்கு வேலை இருக்கும், ஆறு மணிக்குச் சோறு இருக்கும். ஆனால் அந்தப் பச்சைப் பட்டாணியைப் பார்த்து இவள் அழுததை இவன் பார்த்திருக்கிறானே. அதை எப்படி இல்லை என்பது.

"பச்சையா ஒரு புள்ளி வந்துச்சு சார். டாக்டர் அதப் பாத்து அழுதாங்க. பொய் சொல்ல மாட்டேன்," என்றான்.

லோஷினி நிமிர்ந்தாள். ராஜசேகரன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "புள்ளி வந்தப்ப பிரமுகர் யாராச்சும் கூட இருந்தாங்களா?"

"நான் இருந்தேன் சார்," என்றாள் லோஷினி.

"நீங்க விஞ்ஞானி, டாக்டர். நான் கேக்கிறது பிரமுகர்."

குழு வெளியே போய் மதியச் சாப்பாட்டோடு ஆலோசித்துவிட்டு வந்தது. தலைவர் எழுந்து உரையாற்றினார். "இந்தக் குழு ஒரு தர்மசங்கடத்துல இருக்கு. ஹேமநாதன் குற்றவாளின்னா மெஷின் முன்னாடியே ஓடிருச்சுன்னு ஆயிடும். அப்ப அமைச்சர் எதத் திறக்கிறது? குற்றவாளி இல்லன்னா மெஷின் ஓடவே இல்லன்னு ஆயிடும். ஓடாத மெஷின அமைச்சர் எப்படித் திறக்கிறது? உண்மைய எப்ப வேணும்னாலும் கண்டுபிடிச்சிக்கலாம். அமைச்சர் தேதி திரும்பக் கெடைக்காது. அதனால தீர்ப்பு விழாவுக்கு அப்புறம்." இப்படிச் சொல்லி மறுபடி ஒருமுறை கோங் அடித்து விசாரணையை மூடி வைத்தார்.

விழாவுக்கு முந்தின நாள் இயக்குநருக்குப் புதுக் கவலை வந்தது. அமைச்சர் கையை வைக்கும்போது நிஜ இயந்திரம் ஓடாமல் போய்விட்டால்? ஓடாமலிருக்க அதற்குத்தான் உத்தரவு போட்டாயிற்றே. ஆகவே பதிவுசெய்த வீடியோ போதும் என்று முடிவாயிற்று. எந்த வீடியோ? உலகத்தில் இருந்தது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை நடக்காத சம்பவத்தின் வீடியோவைத் தந்து உதவுமாறு லோஷினியை எழுத்துபூர்வமாகக் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். மூலையில் தெரிந்த தேதியின்மேல் யுகேந்திரன் மையத்தின் சின்னத்தை ஒட்டினான்.

விழா நாள். கூடாரம் நிறைய கூட்டம், ஊரெல்லாம் கொடி. வாசலில் பட்டுத்துணி மூடிய கருங்கல் ஒன்று. 'இம்மையத்தைத் திறந்து வைத்தவர்' என்பதற்குக் கீழே இடம் காலியாக இருந்தது. அமைச்சர்கள் கடைசி நேரத்தில் மாறுவார்கள் என்பது யுகேந்திரன் பட்டுத் தெரிந்த பாடம். அதனால் பொந்தியான் டவுனில் சைன்போர்டு கடை வைத்திருக்கும் விஜயனை, வருகிறவர் பெயரை அங்கேயே பொறிக்க லேசர் செதுக்கும் இயந்திரத்தோடு கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். அன்றைக்கு அந்த விஞ்ஞான மையத்தில் ஓடிய ஒரே இயந்திரம் அதுதான்.

முதல் தொலைபேசி ஒன்பது மணிக்கு. அமைச்சருக்கு அவசர வேலை, துணை அமைச்சர் அவரைப் பிரதிநிதித்து வருவார். அடுத்தது, துணை அமைச்சருக்கு வேறு ஊரில் பிளாஸ்டிக் மரம். தலைமைச் செயலாளர் வருவார். பிறகு, தலைமைச் செயலாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பிரிவுத் தலைவர் வருவார். பிரிவுத் தலைவர் நல்ல மனுஷன், உண்மையாகவே கிளம்பிவிட்டார். ஆனால் பொந்தியான் சாலையில் அன்னாசி லாரி கவிழ்ந்து, காருக்கு முன்னும் பின்னும் அன்னாசியாகக் கிடந்தது.

தம்பிராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த விழா ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போனது. இன்றும் நடக்காவிட்டால் மையம் 'திறக்கப்படாத திட்டங்கள்' பட்டியலில் விழும், அதோடு அவருடைய பதவி நீட்டிப்பும் விழும். "சேர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ஒரு வழி சொல்லுங்கோ," என்று தொலைபேசியில் கெஞ்சினார்.

"புகைக்குப் போட்ட ஐஸ் உருகுது சார்," என்றான் யுகேந்திரன் பின்னாலிருந்து.

"ஒத்திகையில பழகின ஆள் யாராவது இருந்தா, அவரே என்னைப் பிரதிநிதிக்கட்டும்," என்று அன்னாசிகளுக்கு நடுவிலிருந்து பிரிவுத் தலைவரின் குரல் வந்தது. வாட்சப்பில் எழுத்துபூர்வ அனுமதியும் வந்தது.

தம்பிராஜாவும் யுகேந்திரனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் பம்ப் அறைப் பக்கம் பார்த்தார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

"அலமாக், நானா?" என்றான் ஹேமநாதன். அதற்குள் இயக்குநரின் காரிலிருந்த, பிரமுகர்கள் போடுகிற உபரி பாத்தேக் பூச்சட்டையை அவனுக்கு மாட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கி முழங்கியது: "மாண்புமிகு அமைச்சரைப் பிரதிநிதிக்கும் துணை அமைச்சரைப் பிரதிநிதிக்கும் தலைமைச் செயலாளரைப் பிரதிநிதிக்கும் பிரிவுத் தலைவரைப் பிரதிநிதித்து வருகை தந்திருக்கும் ஹேமநாதன் த/பெ முனியாண்டி அவர்களை அன்புடன் வரவேற்கிறோம்." கூட்டத்தில் பாதிப்பேர் பெயரைச் சரியாகக் கேட்கவில்லை. சட்டையைப் பார்த்து எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

சரியான காலை முதலில் வைத்தான். சரியான பக்கம் கையசைத்தான். அமைச்சருக்கென்று எழுதிய உரையைக் கையில் கொடுத்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தான். "சிறு வயதிலிருந்தே எனக்குப் புரோட்டான் என்றால் உயிர். இந்த இயந்திரத்தை அல்லும் பகலும் உழைத்து இயக்கிய ஒவ்வொருவரையும் மனமாரப் பாராட்டுகிறேன்," என்ற இடம் வந்தபோது கடைசி வரிசையில் லோஷினி எழுந்து நின்று கைதட்டினாள். ஹேமநாதன் அந்த வரியை மட்டும் இன்னொரு முறை, அவளைப் பார்த்து, நிதானமாகப் படித்தான்.

பிறகு கண்ணாடிப் பெட்டி. உள்ளங்கையை வைத்தான். புகை அளவாக வந்தது, வெளிச்சம் ஓடியது, சுவரளவு திரையில் அந்தப் பச்சைப் பட்டாணி பூசணிக்காய் அளவில் எழுந்து, நடுங்கி, நிலைத்து நின்றது. கூடாரமே அதிர்ந்தது. "வரலாற்றில் முதன்முறை," என்று தம்பிராஜா ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எத்தனை விழா கண்டாலும் அந்த மனுஷர் ஒரு காலத்தில் இயற்பியல் படித்தவர்தானே. கல்லுக்குப் பின்னால் விஜயன் வேலையைத் தொடங்கினான்.

மறு வாரம் கட்டுப்பாட்டு அறையின் சீல் உடைக்கப்பட்டது. லோஷினி இயந்திரத்தைப் போட்டாள், அது மறுபேச்சில்லாமல் ஓடியது. தொழிற்சாலைகளிலிருந்து சில்லுகள் சோதனைக்கு வரத் தொடங்கின. ஆனால் விசாரணைக் குழு தன் கடமையை மறக்கவில்லை. மையம் திறந்தாகிவிட்டதால் இனி உண்மையைக் கண்டுபிடிக்கத் தடையில்லை என்று, கண்டுபிடித்தே விட்டார்கள். இயந்திரம் செவ்வாய்க்கிழமை ஓடியிருக்கிறது, ஹேமநாதன் குற்றவாளி, வேலை நீக்கம்.

தம்பிராஜா அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் நீக்கக் கடிதம் இருந்தது. ஹேமநாதன் நின்றபடியே அதை வாசித்தான். அழுகை வரவில்லை. ஷர்மினியிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

"இதில நான் கையெழுத்து வைக்க வேணும்," என்றார் தம்பிராஜா.

"வைங்க சார்."

இயக்குநர் பேனாவை எடுத்தார். எடுத்தவர், ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே வெயிலில் கருங்கல் பளபளத்தது.

"ஐசே, அந்தக் கல்லில உம்மட பேர் இருக்கு. மையத்தைத் திறந்து வச்ச ஆளை நாங்களே குற்றவாளியெண்டு விரட்டினால், கல்லைக் கழற்ற வேணும்."

"ஆமா சார்."

"கழற்றினால் புதுக் கல் வைக்க வேணும். புதுக் கல் வச்சால் திறப்பு விழா எடுக்க வேணும். விழாவெண்டால் அமைச்சரைக் கூப்பிட வேணும்." அவர் பேனாவை மூடினார். "கூப்பிட்டால் கடைசியில ஆர் வரப் போறது? நீர்தானே வருவீர்."

தப்பிக்க வழியே இல்லாத கணக்கு. தம்பிராஜா நீக்கக் கடிதத்தை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டு, வேறொரு கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஹேமநாதன் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டான்.

"என்னா சொன்னாங்க? நிரந்தரம் ஆக்கிட்டாங்களா?" என்று கேட்டாள் ஷர்மினி.

"கல்லுலயே எழுதிட்டாங்க."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அவன் சிரிப்பது மட்டும் கேட்டது. "அப்பச் சரி. ஈக்கான் பாரி மீனு வாங்கி வச்சிருக்கேன், புளி போட்டு அசாம் பெடாஸ் கொழம்பு வைக்கிறேன். ஆறு மணிக்கு வந்துருங்க," என்றாள்.